கூடாரமும் மூட்டை முடிச்சும்

வீட்டை விட்டு ஒரே ஓர் இரவு வெளியே தங்குவதற்கு ஒரு குடும்பத்துக்கு என்னென்ன பொருள்கள் வேண்டும்? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்கு விடை காண எங்களுக்குப் பத்து நாள்கள் பிடித்தன. அந்தப் பத்து நாள்களில் நாங்கள் கற்றதைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஆவலால் இக்கட்டுரையை வரைகிறோம். 'வரைகிறோம்' என்று பன்மையில் கூறுவதற்குக் காரணம் உண்டு. கணவனும் மனைவியுமாகிய எங்களில் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியது இது. எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபட்ட இடங்களில் அம்மாவின் தீர்ப்பே முடிவாயிற்று.

எங்களுக்கு மக்கள் இருவர். மூத்தவள் கல்லூரியில் பயில்கிறாள். இளையவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். இருவரும் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கூடாரம் அடித்து, வெட்டவெளியில் படுத்து, விண்மீன்களை எண்ண வேண்டும் என்று ஓராண்டாக எங்களை அரித்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரைச் சுற்றி இதற்கு இடமா இல்லை? வடக்கே 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை இருக்கிறது. மேற்கே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்கும் சாவனதுர்க்கம் இருக்கிறது. தென்மேற்கே ராமநகரத்துக் குன்றுகள் இருக்கின்றன. ஆயினும் காட்டு இலாகாவின் எல்லைக்குள் உரிய அனுமதியின்றி இரவு தங்குதல் ஆகாது. சட்டத்துக்கும் பொருந்தாது; யானைக்கும் பொருந்தாது.

இந்நிலையில் நண்பர் ஒருவர் கைகொடுத்தார். அவர் கன்னட நாட்டுக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். எங்களில் ஒருவரோடு ஒரே அலுவலகத்தில் பணியாற்றுகிறவர். கனகபுரத்திலிருந்து சங்கமத்துக்குச் செல்லும் சாலையை ஒட்டி அவர்களுக்கு நிலம் உண்டு. "ராகி அறுவடை முடிந்துவிட்டது. சங்கராந்தி கழித்து வாருங்கள். களத்துமேட்டில் எத்தனை கூடாரம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்" என்றார். இரவை அங்கே கழித்து, காலையில் சங்கமத்துக்குச் சென்று வருவது என்று திட்டமிட்டோம்.

சங்கமம் என்பது நந்தி மலையில் தோன்றும் அர்க்காவதி ஆறு காவிரியோடு கலக்கும் இடம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து சிறிது தொலைவு கீழே, ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு ஒடுங்குவதாகச் சொல்லப்படும் மேகேதாட்டு. அதையும் கடந்தால் காவிரி தமிழ்நாட்டுக்குள் புகுந்து ஒகேனக்கலை நோக்கிப் போகிறாள். நாங்கள் நாள்தோறும் குடிப்பதும் அவள் தண்ணீரையே. 1974ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றி, பெங்களூர்க் குழாய்களில் காவிரி நீரை விடுகிறார்கள். குழாயில் கண்டவளைக் கரையில் காணப் போகிறோம் என்றதும் அம்மாவும் உடன் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வயது எழுபது. குடியாத்தத்துக்கு அருகில் பிறந்து, 1976இல் மணமாகிப் பெங்களூருக்கு வந்தவர்.

மகள் தாளும் எழுதுகோலும் எடுத்தாள். "ஆளுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள்" என்றாள். சொன்னோம். சொல்லிக்கொண்டே இருந்தோம். எங்களில் ஒருவருக்கு மடக்கு நாற்காலி வேண்டும். கீழே உட்கார்ந்தால் முதுகு பிடிக்கும். மற்றவருக்கு இட்லிப் பானையும் குக்கரும் வேண்டும். புது இடத்தில் பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாது. மகனுக்குக் கிரிக்கெட்டு மட்டையும் பாட்டுப் பெட்டியும் வேண்டும். மகளுக்கு நான்கு புத்தகங்கள் வேண்டும்; எதைப் படிக்க மனம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாதாம். தலையணைகள், போர்வைகள், வாளி, குடை, கொசுவலை, சீட்டுக்கட்டு என்று பட்டியல் இரண்டு பக்கம் வளர்ந்தது. ஓர் இரவுக்குப் போகிறோமா, ஊரைக் காலி செய்துகொண்டு போகிறோமா என்று எங்களுக்கே ஐயம் எழுந்தது.

எல்லாவற்றையும் கூடத்தில் குவித்து, எடைக் கருவியில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். இரவல் வாங்கிய இரண்டு கூடாரங்களும் பத்து லிட்டர் குடிநீரும் உட்பட மொத்தம் 71 கிலோ. இதில் ஓர் இடர் இருந்தது. கார் நிற்கும் இடத்திலிருந்து களத்துமேடு வரை ஒரு கிலோமீட்டர் வரப்பின்மேல் நடந்தே செல்ல வேண்டும். மலையேறிப் பழகியவர்கள் கூறும் கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் சுமத்தல் நன்றன்று என்பது அது. அந்தக் கணக்குப்படி நால்வரும் சுமக்கக் கூடியது 14, 11, 10, 9 ஆக 44 கிலோதான். அம்மாவின் கையில் ஊன்றுகோலைத் தவிர வேறொன்றும் கொடுப்பதற்கில்லை. ஆகவே 27 கிலோவைக் கழிக்க வேண்டும்.

கழித்தல் என்பது கூட்டலைவிடக் கடினமானது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். நாற்காலி போயிற்று. குக்கரும் இட்லிப் பானையும் போயின. மட்டையும் பாட்டுப் பெட்டியும் சிறிது கண்ணீருடன் போயின. புத்தகம் நான்கு ஒன்றாயிற்று. தை மாதத்தில் அப்பக்கம் மழை அரிது என்பதால் குடைகளும் போயின. தலையணைக்குப் பதிலாக, மாற்றுத் துணியைப் பையில் திணித்துத் தலைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இப்படியெல்லாம் செய்தும் 46 கிலோ நின்றது. இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும்.

அப்போது மகன் மூலையிலிருந்த மஞ்சள் துணிப்பை ஒன்றைத் தூக்கி எடைக் கருவியில் வைத்தான். சரியாக இரண்டு கிலோவும் சில கிராமும் காட்டியது. "இது என்ன? பட்டியலிலேயே இல்லையே!" என்றான். அது அம்மாவின் பை. அவிழ்த்துப் பார்த்தோம். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகங்கள், எங்கள் திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், பள்ளிச் சான்றுகள், அப்பாவின் ஆலை அடையாள அட்டை, ஒரு வெள்ளித் தம்ளர், பழைய நிழற்படம் ஒன்று. எல்லாம் இரண்டு சுற்றுத் தாளில் மடித்து, நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நாங்களும் சிறிது சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. "பாட்டி, யானைக்குக் குடும்ப அட்டையைக் காட்டப் போகிறீர்களா?" என்று கேட்டான் பேரன். "எல்லாவற்றையும் படமெடுத்து டிஜிலாக்கரில் ஏற்றிவிடலாம், பாட்டி. கைப்பேசியிலேயே இருக்கும், எடை ஒன்றும் இராது" என்றாள் பேத்தி. அம்மா சிரிக்கவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நூலைப் பழையபடி சுற்றிக் கட்டினார். "வீட்டை விட்டு இரவு வெளியே தங்குவதென்றால் இது என்னோடுதான் வரும்" என்றார். அந்தக் குரலில் இருந்தது பிடிவாதம் அன்று என்பது எங்களில் ஒருவருக்கு உடனே விளங்கியது. ஏனெனில் அந்தப் பை முதன்முதல் கட்டப்பட்ட இரவில் பத்து வயதுச் சிறுவனாக அருகில் நின்றவர் அவர்.

பிள்ளைகளுக்கு அந்த வரலாறு தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. அன்று மாலை அம்மாவே சொன்னார்.

காவிரி நடுவர் மன்றம் 1990ஆம் ஆண்டு அமைந்தது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் அது இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. டிசம்பரில் அந்த ஆணை மைய அரசின் அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் வாழ்ந்த பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்களும் போயின. ஊரடங்கு பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ரயிலிலும் லாரியிலும் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். இவையெல்லாம் எங்கள் சங்கத்து மூத்த அன்பர்கள் கண்ணால் கண்டவை.

நாங்கள் அப்போதும் இதே தெருவில்தான் இருந்தோம். நகரின் மேற்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள் நிறைந்த எளிய தெரு. அப்பா ஆலையில் மாலை முறை வேலைக்குப் போயிருந்தார்; திரும்பி வர வழியில்லை. வீட்டில் அம்மாவும், பத்து வயதுப் பையனும், ஆறு வயதுப் பெண்ணும். தெருக்கோடியில் புகை எழுவது தெரிந்தது. "எடு, எடு என்று மனம் அடித்துக்கொண்டது. எதை எடுப்பது? வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். குடும்ப அட்டையை எடுத்தேன். நாளைக்கு யாராவது 'நீ யார்' என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்று கிடைத்த தாளையெல்லாம் எடுத்தேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அடுக்கிவிட்டுப் பார்த்தால் தூக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கினால் பிள்ளையைத் தூக்க முடியாது; பிள்ளையைத் தூக்கினால் பெட்டியைத் தூக்க முடியாது. வாசலில் நின்று அழுதேன்" என்றார் அம்மா.

அப்போது அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு அம்மையாரை நாங்கள் அக்கா என்போம். அக்கா என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவானது. அவர் கன்னடத்தைத் தவிர வேறு மொழி அறியாதவர். அம்மாவுக்கோ அன்றைக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் கன்னடம். "ஒளகே பா" என்றார் அக்கா. உள்ளே வா என்பதற்கு அந்த மொழியில் அவ்வளவுதான். பெட்டியின் ஒரு காதை அவர் பிடித்தார். மறு காதைப் பையன் பிடித்தான். அவர்களது வீட்டின் பின்னறையில் இரண்டு இரவுகள் இருந்தோம். அக்காவின் கணவர் வாசல் திண்ணையில் துப்பட்டி போர்த்திக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். வந்து கேட்டவர்களுக்கு அவர் என்ன விடை சொன்னார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டவர்கள் போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

"ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை" என்று அம்மா தொடர்ந்தார். முதல் இரவு, நள்ளிரவுக்கு மேல், சிறு பெண்ணுக்கு மூச்சிரைக்கத் தொடங்கியது. அவளுக்குக் குளிர்காலந்தோறும் வரும் தொல்லை அது. அம்மா பெட்டியைத் திறந்து தேடினார். பத்திரம் இருந்தது, பதிவுச் சான்று இருந்தது, வெள்ளித் தம்ளர்கூட இருந்தது. மருந்துப் புட்டி இல்லை. அது எங்கள் சமையலறை மாடத்திலேயே நின்றுவிட்டது. வெளியே ஊரடங்கு; தெருவில் காவலர்களின் தடிச் சத்தம். அக்காவின் கணவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்தார். பின்கட்டுச் சுவரேறி எங்கள் கொல்லைக்குள் குதித்து, இருட்டில் தடவித் தடவி, மாடத்திலிருந்த புட்டிகள் அத்தனையையும் வேட்டியில் வாரிக் கட்டிக்கொண்டு வந்தார். எது மருந்து, எது எண்ணெய் என்று அவருக்குத் தெரியாதல்லவா?

"தாளைக் கட்டினேன், மூச்சைக் கட்ட மறந்தேன்" என்று கூறி அம்மா நிறுத்தினார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. மகன் எடைக் கருவியை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தான்.

அந்த ஆண்டின் நினைவாக இந்நகரில் நெடுங்காலம் ஒரு மூட்டை இருந்தது. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்படாமலே நின்றுபோயிற்று. 18 ஆண்டுகள் வள்ளுவரைத் துணி மூடியிருந்தது. அவ்வழியே போகும்போதெல்லாம் அம்மா அந்த மூட்டையைப் பார்த்துக் கும்பிடுவார். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அத்துணி நீங்கியது. நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவரின் கட்டு அவிழ்ந்தது. அம்மாவின் பை அவிழவில்லை. 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரியை முன்னிட்டு நகரில் பேருந்துகள் எரிந்தபோது, மஞ்சள் பை பரணிலிருந்து இறங்கி மூன்று நாள்கள் வாசற்படி அருகே உட்கார்ந்திருந்ததை நாங்கள் கண்டோம்.

மறுநாள் காலை அம்மாவே புதுப் பட்டியலுக்கு வழி சொன்னார். "பொருளைப் பார்த்து எழுதாதீர்கள், ஆளைப் பார்த்து எழுதுங்கள். இந்த இரவில் யாருக்கு எது இல்லாவிட்டால் உயிருக்கு இடர், அது முதலில். எது இல்லாவிட்டால் தூக்கம் கெடும், அது இரண்டாவது. எது இல்லாவிட்டால் மனம் வாடும், அது மூன்றாவது. மற்றதெல்லாம் வீட்டில் இருக்கட்டும்." இம்மூன்று வரிசையில் எழுதிப் பார்த்தோம். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அதன் சாரத்தை இங்கே தருகிறோம்.

உயிருக்கானவற்றில் முதலாவது மருந்துப் பெட்டி. அம்மா நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் குளிர்பெட்டியின்றி வைக்கலாம் என்பது பெரும்பாலான வகைகளுக்குப் பொருந்தும்; ஆயினும் உங்கள் மருந்துக்கு எது விதி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் அதை வைக்கவே கூடாது. நாங்கள் சிறு மண்கலயத்தை ஈரத்துணியால் சுற்றி அதற்குள் வைத்துக்கொண்டோம். கூடவே சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க வெல்லக்கட்டி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்குக் கட்டும் துணி. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் தவறு. கடிபட்டவரை அசைக்காமல் விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே வழி. அதற்காக 108 என்னும் எண்ணையும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வழியையும் தாளில் எழுதி வைத்தோம். ஆளுக்கொரு விளக்கு, இருட்டில் செருப்பின்றி நடப்பதில்லை என்ற உறுதி. குடிநீர் பத்து லிட்டரில் ஒரு துளியும் குறைக்கவில்லை.

தூக்கத்துக்கானவற்றில் எங்களை வியக்கச் செய்த செய்தி ஒன்று உண்டு. இரவில் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதே இன்றியமையாதது. காற்றைவிட மண்தான் உடலின் சூட்டை விரைவாக உறிஞ்சிவிடும். ஆகவே இரண்டு போர்வைகளைக் கழித்து, நுரைப்பாய் ஐந்தைச் சேர்த்தோம். எடை குறைந்தது, கதகதப்பு கூடியது. அம்மாவுக்கு மட்டும் அவரது கறுப்புக் கம்பளி. கூடாரத்தின் காற்று வழியை முழுதும் மூடிவிடலாகாது. மூடினால் நம் மூச்சின் ஈரமே விடியலில் சொட்டத் தொடங்கும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன காலத்திலேயே கட்டுச்சோற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புளியோதரை, பருப்புப் பொடி, அவல். நாங்கள் பொட்டலம் கட்டுவதை மோப்பம் பிடித்த அக்கா, தம் வீட்டுப் புளியோகரே கொஜ்ஜு ஒரு கிண்ணமும், சங்கராந்திக்குக் கலந்த எள்ளும் வெல்லமும் ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பினார். எள், வெல்லம், கடலை, கொப்பரை ஆகியவை சேர்ந்த அக்கலவையைக் கொடுத்து, இனிய சொல் பேசுமாறு ஒருவரையொருவர் வேண்டிக்கொள்வது கன்னட நாட்டு வழக்கம். கெடாது, கனக்காது, வழிப்பயணத்துக்கு இதைவிடச் சிறந்த தின்பண்டம் இல்லை. வாழைப்பழமும் கரும்பும் வேண்டா என்று நண்பர் எச்சரித்திருந்தார். கனகபுரத்து வட்டாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. அவற்றின் மணம் யானையை அழைக்குமாம். சமைத்ததையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. காய்ந்த புல் நிறைந்த காலமாதலால் விறகுத் தீ மூட்டாமல் சிறு எரிவாயு அடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டோம். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு காலிப் பையும் எடுத்தோம்.

மனத்துக்கானவை ஆளுக்கொன்று. மகளுக்கு ஒரு புத்தகம், மகனுக்குச் சீட்டுக்கட்டு, எங்களுக்கு வடிகட்டிய காப்பிக்கான பொடியும் வடிகட்டியும். அம்மாவுக்கு எது என்று மகள் கேட்டாள். அம்மா மஞ்சள் பையைப் பார்த்தார். பை இன்றி 44 கிலோ. பையோடு 46. "எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டி. நான் என் பங்குக்கு மேல் இரண்டு கிலோ தூக்கிக்கொள்கிறேன்" என்றான் பேரன். முதல் நாள் சிரித்தவன் அவன்தான்.

அம்மா விடை சொல்லவில்லை. புறப்படும் நாள் விடியற்காலையில், மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை. தேடினோம். அக்காவின் வீட்டுத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. அவர் கணவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. மஞ்சள் பை அக்காவின் மடியில் இருந்தது. அம்மா சரளமான கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, காரில் ஏறி அமர்ந்து, "மருந்துப் பெட்டி எங்கே?" என்று கேட்டார். மடியில் கொடுத்தோம். கார் புறப்பட்டது.

கூடாரத்து இரவைப் பற்றி விரித்துரைப்பின் கட்டுரை நீளும். யானை வரவில்லை. கூடாரத்தின் முளைகளை மறந்துவிட்டு வந்ததை அங்கே போய்த்தான் கண்டோம். நண்பரின் தந்தையார் மூங்கிலைச் சீவிப் பத்து முளைகளைக் கால் மணி நேரத்தில் செய்து கொடுத்தார். எவ்வளவு திறமையாய்ப் பட்டியல் எழுதினாலும் ஒன்று விட்டுப்போகும் என்பதும், விட்டுப்போன அந்த ஒன்றைத் தருவதற்கு அங்கே ஒரு மனிதர் இருப்பார் என்பதும் அன்றைக்கு நாங்கள் கண்ட உண்மை. இரவு அவர்கள் வீட்டில் ராகிக் களி கிடைத்தது. அதை முத்தே என்றார்கள் அவர்கள். களி என்றார் அம்மா. இரண்டு பெயருக்கும் சுவை ஒன்றுதான். பிள்ளைகள் விண்மீன்களை நூற்றைம்பது வரை எண்ணித் தூங்கிப்போனார்கள். அம்மா கம்பளிக்குள் எல்லோருக்கும் முன்னதாகவே உறங்கிவிட்டார். எங்களுக்கு நினைவு தெரிந்து, வெளியிடத்தில் அவர் விழித்துக் கிடக்காத முதல் இரவு அதுவே.

காலையில் சங்கமத்துக்குச் சென்றோம். ஆழத்துக்கும் சுழலுக்கும் அஞ்ச வேண்டிய ஆறு அது. ஆகவே கரையோரம் கணுக்கால் அளவு நீரில் மட்டும் நின்றோம். அம்மா குனிந்து ஒரு கை நீர் அள்ளினார். அந்த நீரைப் பற்றி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்னும் இரு மாநிலங்களும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அம்மா ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போகலாம், அக்காவுக்கு ஒரு புட்டியில் எடுத்துக்கொள்" என்றார். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. போகும்போது இல்லாத அந்த ஒரு கிலோவைத் திரும்பும்போது பேரன் சுமந்தான்.

வீடு திரும்பியதும் அக்கா மஞ்சள் பையைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. "அங்கேயே இருக்கட்டும், அக்கா. வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றார். பை இன்றும் அக்கா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. எங்கள் மகள் அந்தத் தாள்களையெல்லாம் படமெடுத்துக் கைப்பேசியிலும் ஏற்றி வைத்திருக்கிறாள். அதுவும் நல்லதே. ஆனால் இரண்டு கிலோவைக் குறைத்தது கைப்பேசி அன்று.

பிறந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம் போன்றோர் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கக்கூடும். அச்சம் எவ்வளவோ, அவ்வளவு சுமை. அடுத்த வீட்டில் நம்பிக்கை எவ்வளவோ, அவ்வளவு எளிது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் இரவாவது வெளியே தங்கப் புறப்படுங்கள், அன்பர்களே. பட்டியலின் தலையில் மருந்தை எழுதுங்கள். கூடாரத்தின் முளைகளை இருமுறை எண்ணுங்கள். வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.